நாற்பது பெட்டிகளும் ஒரு திருமுகமும்

நாற்பது பெட்டிகளிலும் தலைவரின் படத்தை ஒட்டியது நான்தான். பிறர் வாயால் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஏனோதானோவென்று ஒட்டவில்லை. ஒவ்வொன்றையும் நேராக வைத்து, குமிழ் விழாமல், கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டினேன். அதுதான் என் தொழில்.

கடல் தாண்டி, மனுகா என்ற ஊரில் ஓர் இறக்குமதிக் கிடங்கில் லேபிள் ஒட்டுகிறேன். சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் முறுக்கு, மிக்சர், ஊறுகாய்ப் பாக்கெட்டுகளில் இந்த நாட்டுச் சட்டப்படி என்னென்ன எழுத வேண்டுமோ அதைச் சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்ட வேண்டும். படித்தது எம்.எஸ்சி. வேதியியல்; அதை விடுங்கள். இந்த வேலையில் விதி ஒன்றே ஒன்றுதான். எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், முறுக்குக் கம்பெனி முதலாளியின் மாமனார் படத்தைக்கூட மறைக்கலாம். எச்சரிக்கையை மறைக்கக் கூடாது. 'வேர்க்கடலை உள்ளது' என்ற வரியின் மேல் ஸ்டிக்கரின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் என் சூப்பர்வைசரான சமோவாத் தீவு அம்மாள் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு வேர்க்கடலையைக்கூட நான் மறைத்ததில்லை.

வார நாட்களில் இப்படி. வார இறுதியில் நான் தென்பசிபிக் தமிழ்ப் பண்பாட்டுப் பேரவையின் பொருட்காப்பாளர்.

பெயரில் தென்பசிபிக் முழுவதும் இருந்தாலும், பேரவையின் ஆட்சி எல்லை சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு வாடகை மண்டபமும் அதை ஒட்டிய சாமான் அறையும்தான். மண்டபம் ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஏழு வரை எங்களுடையது. அறை வருஷம் முழுவதும். அதன் சாவி என்னிடம். உள்ளே நூற்றிருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு குத்துவிளக்குகள், ஒரு மைக் செட், எண்பத்து மூன்று பொன்னாடைகள். பொன்னாடை போர்த்தப்பட்டவர் பதினான்கு நாட்களுக்குள் அதைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்று துணைவிதி இருக்கிறது. நிர்வாகக் குழுவில் பத்தொன்பது பேர். இளைஞர் அணித் தலைவர் மனோஜுக்கு நாற்பத்தெட்டு வயது.

போன பிப்ரவரியில் நடந்த கூட்டத்துக்கு எலிசபெத் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். எலிசபெத் ஈப்போவிலிருந்து வந்தவர், மருத்துவமனையில் நர்ஸ், எங்கள் மகளிர் அணிச் செயலாளர். பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே உள்ளங்கையளவில் நாற்பது சின்னப் பெட்டிகள்.

"இது ஃபென்டனைல் டெஸ்ட் ஸ்ட்ரிப். நான் வாலன்டியரா இருக்கற எடத்துல ஃப்ரீயா குடுத்தாங்க. பிள்ளைங்க பார்ட்டிக்குப் போறாங்க, என்னாவோ மாத்திரைன்னு வாங்கிப் போடறாங்க. உள்ள ஃபென்டனைல் கலந்திருந்தா உப்புக் கல்லு அளவு போதும், ஆள் எந்திரிக்க மாட்டான். இந்தத் தாளை வச்சு மொதல்ல சோதிச்சுப் பாத்துக்கலாம். போடாதன்னு சொல்லலாம், சொல்றோம். அதையும் மீறிப் போடறவன் உயிரோட வீட்டுக்கு வரணும்ல? இந்த நாட்டுல இது சட்டப்படி சரிதான்."

யாரும் பெட்டியைத் தொடவில்லை. அது தானாகத் திறந்துகொண்டு தங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதாவது சொல்லிவிடும் என்பதுபோல் நாற்காலிகள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தன.

தலைவர் டாக்டர் சபாரத்தினம் எழுந்தார். மண்புழுக்களின் இடப்பெயர்ச்சியை ஆராய்ந்து டாக்டர் ஆனவர்.

"எலிசபெத், உங்கட சேவையைப் பாராட்டுறம். ஆனா எங்கட சமூகத்தில இந்தப் பிரச்சினை இல்லை, கண்டியளோ."

"பிள்ளைங்க போடறது இல்லையா டாக்டர்?"

"பிள்ளைகள் போடுகினம். அது மற்றவையின்ர பிள்ளைகள்."

"அந்த மத்தவங்க யாரு?"

"அவையும் இப்பிடித்தான் ஒரு கூட்டத்தில இருந்து எங்களைச் சொல்லிக்கொண்டிருப்பினம். அது அவையின்ர அறியாமை." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்டாலும், பிரச்சினையே இல்லாத சமூகம் தீர்வை வச்சிருந்தா அதுதான் முன்மாதிரி. கவுன்சில்காரர் கேட்டால் எங்களிட்டயும் இருக்கு எண்டு சொல்லலாம்."

மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, பெட்டியைப் பேரவை மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்கிறது. இரண்டு, பெற்றுக்கொண்டதை வெளியில் சொல்வதில்லை. மூன்று, இதற்கு நல்ல தமிழ்ப்பெயர் கிடைக்கும்வரை விநியோகிப்பதில்லை. பெயர் காணச் செயலாளர் கோதண்டராமன் தலைமையில் ஐவர் குழு.

நான் பதிவேட்டில் வரவு வைத்தேன். பிப்ரவரி பதினொன்று, பெட்டி நாற்பது. பிறகு சாமான் அறைக்குள் கொண்டுபோய் நாற்காலி அடுக்குக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

ஐவர் குழு ஆழமாக வேலை செய்தது. 'நச்சறி தாள்' என்றார் ஒருவர். மங்கலமாக இல்லை என்று விழுந்தது. 'போதையுணர் பட்டை' என்றார் இன்னொருவர். போதை என்ற சொல் பேரவையின் கடிதத்தாளில் வரலாமா என்று இரண்டு கூட்டங்கள் போயின. பட்டை என்றால் மசாலாப் பட்டை நினைவுக்கு வருகிறது என்று மூன்றாமவர் சொல்ல, அன்று பிரியாணியைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்தார்கள்.

மே மாதம் கீதன் இறந்தான்.

கீதன் திருமாறன் அண்ணனின் மகன். திருமாறன் அண்ணன் டவுனுக்குப் போகும் பஸ் ஓட்டுகிறார். பையனுக்கு இருபத்து நான்கு வயது, கட்டடப் பொறியாளன். எங்கள் விழாக்களில் இந்த நாட்டுத் தேசிய கீதத்தைப் பூர்வகுடி மொழியான மாவோரியிலும் ஆங்கிலத்திலும் அவன்தான் பாடுவான். மாவோரி வரிகள் வரும்போது மேடையில் இருக்கும் நாங்கள் உதட்டை மட்டும் அசைப்போம். சனிக்கிழமை ஒரு நண்பனின் பிறந்தநாளுக்குப் போனான். ஒரு மாத்திரை விழுங்கினான். அது அவன் நினைத்த மாத்திரையாக இல்லை. உள்ளே ஃபென்டனைல் இருந்தது என்று பின்னால் தெரிந்தது.

பேரவையின் போஸ்டர்களை அச்சுக் கோப்பதும் நான்தான். தலைவர் போனில் சொன்னார்: "தம்பி பாஸ்கரன், 'மாரடைப்பால்' எண்டு போடும். குடும்பத்துக்கு அதுதான் மரியாதை."

"அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா டாக்டர்?"

"இந்த நேரத்தில போய் அவரைக் கரைச்சல் படுத்துறதோ?"

'மாரடைப்பால்' என்று போட்டேன். பதினெட்டுப் புள்ளி அளவு, தடித்த எழுத்து.

இரங்கல் கூட்டத்துக்குக் கூட்டம் நெரிந்தது. நூற்றிருபது நாற்காலியும் வேண்டும் என்றார்கள். கடைசி அடுக்கை எடுக்கும்போது அந்த அட்டைப்பெட்டி காலில் இடறியது. இரண்டு கையிலும் நாற்காலிகள். பெட்டியைக் காலால் சுவரோரம் நகர்த்தினேன். எடையே இல்லை, சுலபமாக நகர்ந்தது. வெளியே வந்து, கடைசியாக எடுத்த நாற்காலியைத் திருமாறன் அண்ணனுக்கு முன்வரிசையில் போட்டேன்.

எலிசபெத் அன்று வாசலில் என்னைப் பிடித்தார்.

"அண்ணே, அந்தப் பெட்டி எங்க?"

"பேரு வைக்கிற கமிட்டி இன்னும் முடிக்கல மேடம்."

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தாள் அன்று அவன் கையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா, அதைப் பயன்படுத்தியிருப்பானா, எனக்குத் தெரியாது. நாற்காலிக்கு அடியில் இருந்தபடி அது யாரையும் பிழைக்க வைத்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

அக்டோபரில் பெயர் கிடைத்தது. 'நலவாழ்வுத் தாள்.' போதை இல்லை, நஞ்சு இல்லை, மாத்திரை இல்லை, மங்கலம் மட்டும் இருந்தது. எதற்கான தாள் என்பதும் இல்லை. குழுவினர் ஐவருக்கும் பொன்னாடை.

அடுத்தது ஸ்டிக்கர். பேரவை கொடுக்கும் எந்தப் பொருளிலும் தலைவரின் படம் ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்த தண்ணீர்ப் புட்டிகளில்கூட அவர் கைகூப்பி நின்றார். இந்தப் பெட்டியின் முன்பக்கம் கொடுத்த அமைப்பின் சின்னம். அதை மறைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். பின்பக்கம் சின்ன எழுத்தில் வழிமுறை. அதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆகவே பின்பக்கம் என்று முடிவாயிற்று. 'நலவாழ்வுத் தாள் – பேரவையின் அன்பளிப்பு', நடுவில் கைகூப்பிய தலைவர்.

ஒட்டுவதற்கு முன் அந்த எழுத்தைப் படித்தேன். தொழில் பழக்கம். ஒரு கோடு தெரிந்தால் ஃபென்டனைல் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கோடு தெரிந்தால் தென்படவில்லை என்று அர்த்தம். தென்படவில்லை என்பதால் பாதுகாப்பானது என்று ஆகாது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பழகிய நமக்கெல்லாம் இரண்டு கோடுதான் ஆபத்து. இது நேர் தலைகீழ்.

கோதண்டராமனிடம் கேட்டேன். "சார், இதுக்கு மேல ஒட்டினா முக்கியமான விஷயம் மறைஞ்சிடுமே?"

"எது முக்கியம்னு நீங்க முடிவு பண்ணாதீங்க பாஸ்கரன். அதெல்லாம் டீட்டெய்லா ஆண்டு மலர்ல வரப் போவுது."

"மலர் ஏப்ரல்ல தானே சார்?"

"அதுவரைக்கும் தலைவரைப் பாக்கட்டும்."

ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை. கிடங்கில் மிச்சமாகும் பசைத்தாளைக் கொண்டுவந்து ஒட்டினேன். ஐஸ்கிரீம் டப்பாவுக்கான பசை. ஃப்ரீசரிலும் உரியாது.

தீபாவளி விழாவில் அறிமுகம். குத்துவிளக்கு, ரிப்பன், கவுன்சிலிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மையார். செயல்முறை விளக்கம் வேண்டும் என்று மனோஜ் ஆசைப்பட்டதால் வெள்ளிக் கிண்ணத்தில் பன்னீர் வைத்தார்கள். தலைவர் ஒரு தாளை எடுத்து அம்மையார் கையில் கொடுத்து, பன்னீரில் தோய்க்க வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். ஒரு நிமிஷம் கழித்துத் தாளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ரெண்டு கோடு," என்றார் மைக்கில். "பன்னீருக்கையோ?"

மண்டபம் திகைத்தது. முன்வரிசையில் பன்னீர் தெளிக்கப்பட்டு உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் சட்டையை முகர்ந்து பார்த்தார்கள்.

"ஐயோ, ரெண்டு கோடு வந்தா ஒன்னும் இல்லைன்னு அர்த்தம் லா!" கீழேயிருந்து எலிசபெத் கத்தினார். "ஒரு கோடு வந்தாதான் ஆபத்து! அதுல போட்டிருக்கே, பின்னாடி திருப்பிப் பாருங்க!"

தலைவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். தலைவர் கைகூப்பி நின்றார்.

கோதண்டராமன் மைக்கை வாங்கி, தொழில்நுட்ப விவரங்கள் மலரில் வரும் என்றும், அடுத்து ஸ்டிக்கர்ப் பணியைத் தனியொருவராகச் செய்து முடித்த பாஸ்கரன் கௌரவிக்கப்படுவார் என்றும் அறிவித்தார். மேடை ஏறினேன். மைக் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. 'அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுப் படியுங்கள்' என்று சொல்ல மூன்று விநாடி போதும். என் மேல் பொன்னாடை விழுந்தது. கைதட்டினார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

பெட்டிகள் அன்றே பறந்தன, பெரியவர்களிடம். நலவாழ்வு என்றால் சர்க்கரைக்கா, கொழுப்புக்கா என்று இரண்டொருவர் கேட்டார்கள். பொதுவாக எல்லாவற்றுக்கும் என்று கோதண்டராமன் சொன்னார். விநியோகப் பதிவேட்டில் வாங்குபவரின் போன் எண்ணும், விலாசமும், குடும்பத் தலைவர் கையெழுத்தும், உறுப்பினர் எண்ணும், நோக்கமும் எழுத வேண்டும். நோக்கம் என்ற பத்தியைப் பின்னால் படித்துப் பார்த்தேன். மஞ்சள்தூளில் கலப்படம். தேன். சம்பந்தி கொடுத்த நெய். மருமகள் வைத்த ரசம். மருமகள் ரசத்தில் இரண்டு கோடு வந்து ஒரு பெரியவர் ஐந்து நாள் தனி அறையில் இருந்தாராம். இரண்டு கோடு இரட்டிப்பு நலம் என்று ஒரு கட்சியும், இரண்டு கோடு ஆபத்து என்று ஒரு கட்சியும் கிளம்ப, ஆராய மூவர் குழு போட்டார்கள்.

ஒருவர் மட்டும் நோக்கம் எழுதவில்லை. திருமாறன் அண்ணன். இரண்டு பெட்டி வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பத்திக்கு நேரே பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எழுத வைப்பது என் கடமை. நான் அவரைக் கூப்பிடவில்லை.

டிசம்பர் கடைசி ஞாயிறு சாமான் அறையில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் விஷாலினி. கீதனின் தங்கை, யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம்.

"அங்கிள், அந்த ஸ்ட்ரிப்ஸ் ஒரு பாக்ஸ் கிடைக்குமா? ஃப்ரெண்ட்ஸோட நியூ இயர் ஃபெஸ்டிவல் போறன். அவங்க கேக்க மாட்டாங்க, எடுக்கத்தான் போறாங்க. ஸோ…"

கை பழக்கத்தில் பதிவேட்டை எடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

"அப்பாட சைன் வேணுமா? சீரியஸ்லி?"

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"அண்ணாட்ட இது இருக்கேல்லை, அங்கிள்."

பதிவேட்டை மூடினேன். மிஞ்சியிருந்ததில் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு கோடு என்றால் தூக்கிப் போடு என்று ஐந்து சொல். சொன்னால் அவள் எதற்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று ஆகும். அது தெரிந்தால் எதனால் அவள் அண்ணன் போனான் என்பதும் எனக்குத் தெரியும் என்று ஆகும். அந்தப் போஸ்டரைக் கோத்தவன் நான்.

"சாப்ட்டியாம்மா?" என்றேன்.

"யெஸ் அங்கிள்."

"பாத்துப் போய்ட்டு வா."

நான் கொடுத்த எச்சரிக்கை வாசகம் இவ்வளவுதான். அவள் போனதும் கணக்குச் சரியாக வர வேண்டுமே என்று பதிவேட்டில் கோதண்டராமன் பெயரில் இன்னொரு பெட்டி எழுதினேன். நோக்கம்: வத்தக்குழம்பு.

முப்பதாம் தேதி காலை கிடங்கில் ஒரு புது ஆள் எள்ளுருண்டைப் பாக்கெட்டில் 'எள் உள்ளது' என்ற வரியை மறைத்து ஒட்டிவிட்டான். சமோவா அம்மாள் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "இதைத் தின்று ஒருவர் செத்தால் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதன்மேல் ஒட்டியது யார் என்றுதான் கேட்பார்கள்," என்றார் ஆங்கிலத்தில். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன்.

விஷாலினியின் போன் எண் என்னிடம் இல்லை. பதிவேட்டில் எழுதியிருந்தால் இருந்திருக்கும். பேரவையின் பதிவேடு ஓர் உயிருக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே சந்தர்ப்பத்தில் நான் விதியை மீறித் தொலைத்திருந்தேன். எலிசபெத் டியூட்டியில், போன் அடித்துக்கொண்டே இருந்தது. திருமாறன் அண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார், எடுக்கவில்லை. பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் அறுநூறு பேர்; அவளும் இருப்பாள். ஆனால் அதில் பிறர் எண்ணைப் பார்க்க முடியாது; தலைவரும் செயலாளரும் மட்டுமே எழுத முடியும். தலைவரை அழைத்தேன்.

"டாக்டர், அவசரம். குரூப்ல ஒரு மெசேஜ் போடணும். ஒரு கோடு வந்தா ஆபத்துன்னு."

"ஏன், அது பெட்டியில இருக்குத்தானே?"

"ஸ்டிக்கருக்கு அடியில இருக்கு டாக்டர்."

"அப்ப என்ர முகம் பிழை எண்டு சொல்லுறீரோ?"

"முகம் சரி டாக்டர். இடம்தான்…"

"தம்பி, ஒரு கோடு ஆபத்து எண்டு போட்டால், என்ன ஆபத்து எண்டு கேப்பினம். ஃபென்டனைல் எண்டு போட்டால், அது என்ன எண்டு கேப்பினம். பிறகு இதைப் போதைக்கு எண்டு விளங்கிக்கொள்ளுவினம்."

"போதைக்குத்தானே டாக்டர்?"

"ஓம். ஆனா அது வெளியில தெரியக் கூடாது எண்டுதானே எட்டு மாசம் பேர் தேடினது!"

வாசகத்தைக் கோதண்டராமனுக்கு அனுப்பினார். அவர் 'ஆபத்து' என்பதை 'கவனிக்கத்தக்கது' என்று மாற்றினார். மூவர் குழுவின் ஆய்வு முடியாத நிலையில் கோடுகளின் எண்ணிக்கையைச் சொல்வது முறையல்ல என்று அதையும் எடுத்தார். மாலை ஐந்தே முக்காலுக்குச் செய்தி வந்தது: 'நலவாழ்வுத் தாளில் கோடுகள் தோன்றுவது இயல்பு. விரிவான விளக்கம் ஆண்டு மலரில். அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.' கீழே தலைவர் கைகூப்பியிருந்தார். இருநூறு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு எலிசபெத் அழைத்தார். என் பன்னிரண்டு மிஸ்டு கால்களைப் பார்த்துவிட்டு.

"விஷாலினியா? அவ காலையில பத்து மணிக்கே, நான் டீ பிரேக்ல இருந்தப்ப, எனக்கு போன் பண்ணிட்டா அண்ணே. நல்லா இருக்கா. அழுவாதீங்க. என்னா அண்ணே இது."

நடந்தது இது. திருவிழாவில் தாங்கள் தங்கிய கூடாரத்தில் நண்பர்கள் மாத்திரையைக் கொஞ்சம் கரைத்துத் தாளைத் தோய்த்தார்கள். ஒரு கோடு. 'ஒன் லைன்! நெகட்டிவ்!' என்று எல்லோரும் கூவிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். விஷாலினி மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் முதல்நாளே அவள் அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டியிருந்தாள். என் பசை உரியவில்லை. அடியில் இருந்த எழுத்தையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வந்தது. ஓர் ஓரத்தில் பாதி வரி மட்டும் மிஞ்சியிருந்தது: 'பாதுகாப்பானது என்று ஆகாது.' எது ஆகாது என்று தெரியாமல் எலிசபெத்துக்கு போன் செய்தாள். மாத்திரைகளைத் திருவிழாவில் இருந்த பரிசோதனைக் கூடாரத்தில் கொடுத்தார்கள். அங்கிருந்தவர்கள் உடனே ஒலிபெருக்கியில் எல்லோரையும் எச்சரித்தார்களாம்.

ஏன் கிழித்தாய் என்று பிறகு அவளையே கேட்டேன்.

"அந்த மூஞ்சியைப் பாக்க ஏலாது, அங்கிள். அண்ணாட ஃபியூனரல்ல மைக்ல நிண்டு ஹார்ட் அட்டாக் எண்டு சொன்னவர்."

அதற்குள் விஷயம் பரவியிருந்ததால், ஜனவரிக் கூட்டத்தில் பேரவை மகிழ்ச்சிக் கடலில் மூழ்கியது. 'தலைவரின் திருமுகம் உயிர்கள் காத்தது' என்று தீர்மானம் வாசித்தார்கள். எலிசபெத் எழுந்து வெளியே போய்விட்டார். தலைவர் அடக்கத்தோடு விளக்கினார்:

"என்ர படம் இல்லாட்டி அந்தப் பிள்ளை கிழிச்சிராது. கிழிக்காட்டி கீழ எழுத்து இருக்கிறது தெரிஞ்சிராது. நான் இதில பெருமை தேடேல்லை. அறிவியலைச் சொல்லுறன்."

நான் கை தூக்கினேன். கொடுத்த பெட்டிகளைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றேன்.

"பேரவை குடுத்ததைத் திரும்ப வாங்கின வரலாறு இல்லை," என்றார் தலைவர்.

"பொன்னாடை?"

"அது வேற."

அடுத்த சனிக்கிழமை நானாகவே கிளம்பினேன். கிடங்கு மெஷினில் சின்ன வெள்ளை லேபிள் அடித்துக்கொண்டேன், காசு கொடுத்து. 'இது மாத்திரையில் ஃபென்டனைல் இருக்கிறதா என்று பார்க்கும் தாள். ஒரு கோடு: இருக்கிறது. இரண்டு கோடு: தென்படவில்லை. தென்படாவிட்டாலும் பாதுகாப்பானது என்று ஆகாது.' பதிவேட்டில் விலாசங்கள் இருந்தன. வீடு வீடாகப் போய்த் தலைவர் முகத்தின் மேல் ஒட்டினேன். ரசப் பெரியவர், "அப்ப எங்க வீட்டு ரசத்துல போதை இல்லைங்கறீங்களா?" என்று மருமகள் காதுபடக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். ஒரு வீட்டில், எங்கள் பிள்ளைகளைப் பற்றி என்ன நினைத்தீர் என்று கதவைச் சாத்தினார்கள். பத்து நிமிஷம் கழித்து அந்த வீட்டுப் பையன் தெருமுனை வரை பின்னால் ஓடிவந்து இரண்டு லேபிள் வாங்கிக்கொண்டு போனான்.

கடைசி வீடு வெஸ்ட்கேட்டில். புது வீட்டு வரிசை, எல்லாக் கதவும் ஒரே சாம்பல் நிறம். திருமாறன் அண்ணன் பஸ் கம்பெனிச் சட்டையோடு கதவைத் திறந்தார். கூடத்தில் கீதனின் படம். அதன் பக்கத்தில் இரண்டு பெட்டிகள், பிரிக்காமல். ஸ்டிக்கர் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது.

லேபிளை நீட்டினேன். வாங்கி, கண்ணாடி போட்டு, நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"தம்பி, இது எப்ப வந்தது?"

தீபாவளிக்கு என்று சொல்லலாம். அறிமுகமானது அப்போதுதான். பொய்யாகாது. அவர் என் கையில் இருந்த பதிவேட்டைப் பார்த்தார். நான் அதைத் திறந்து வரவுப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

"பிப்ரவரி," என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்க வச்சிருந்தனியள்?"

"நாற்காலிக்கு அடியில அண்ணே. சாமான் ரூம்ல."

"எந்த நாற்காலி?"

"நீங்க அன்னிக்கு உக்காந்திருந்தது."

சமையலறையில் அவர் மனைவி ரத்னா அக்கா குழாயை மூடினார். திருமாறன் அண்ணன் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் விநியோகப் பக்கத்தைத் தேடி, தன் பெயருக்கு நேரே காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தார்.

"நோக்கம் எண்டு கேட்டிருக்கு. அண்டைக்கு எனக்கு எழுத வரேல்லை. அந்த மாரடைப்பை எழுதினது நீர்தானே? இதையும் நீரே எழுதும்."

கட்டம் சின்னது. ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருந்தது. 'கீதன்' என்று எழுதினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன், குடிக்காமல் எழுந்துவரத் தைரியம் இல்லை.

போன வாரம் ஆண்டுத் தணிக்கைக்காகப் பதிவேட்டை ஒப்படைத்தேன். நேற்றுத் திரும்பி வந்தது, கோதண்டராமனின் குறிப்போடு: 'நோக்கம் என்ற பத்தியில் தனிநபர் பெயர் எழுதுவது மரபன்று. திருத்தவும்.' திருத்துவதற்கு வசதியாக, கட்டத்தின் அளவுக்கே கச்சிதமாக வெட்டிய ஒரு வெள்ளை ஸ்டிக்கரையும் இணைத்திருந்தார்.

அது என் மேசைமேல் இருக்கிறது. பின்னால் உள்ள தாளை இன்னும் உரிக்கவில்லை.